மஹிந்திரா தார் வண்டியில் இரண்டாவது பேட்டரி: ரிலேயா, டிசி-டிசி சார்ஜரா?

கேள்வி:
வணக்கம். டீசல் தாரில் லடாக் செல்லவிருக்கிறோம். இரவெல்லாம் சிறு பிரிட்ஜ் ஓடினாலும் காலையில் எஞ்சின் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதால், 100 ஆம்பியர் ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்றைத் தனியாகப் பொருத்த எண்ணுகிறேன். இதையும் வண்டியின் பேட்டரியையும் இணைக்க, எஞ்சின் ஓடும்போது மட்டும் இணைப்புத் தரும் சுவிட்சான ரிலே போதுமா?

பதில் 1:
லித்தியத்துக்கு ரிலேயை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரிலே இணைந்ததும், உள்மின்தடை மிகக் குறைந்த அந்தப் பேட்டரி, எஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும். டிசி-டிசி சார்ஜரோ மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டி, தேவையான வோல்டேஜைச் சீராகத் தரும். 25 ஆம்பியர் சார்ஜர் எனில், காலிப் பேட்டரி நிரம்ப நான்கு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக வண்டி ஓட வேண்டும்.

பதில் 2:
பலர் கோட்டை விடுவது ஃபியூஸில்தான். இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் ஒயரின் இரு முனைகளிலும் பேட்டரி இருப்பதால், ஒவ்வொன்றின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலும் ஒரு ஃபியூஸ் கட்டாயம். தகட்டுத் துளை வழியே ஒயர் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் இல்லையென்றால், கரடுமுரடான பாதையின் அதிர்வில் உறை தேய்ந்து பாடியோடு ஷார்ட் ஆகும். தீப்பிடிக்க அது போதும்.

பதில் 3:
லடாக் என்பதால் ஒன்று சேர்க்கிறேன், ஐயா. 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் லித்தியம் செல்கள் நிரந்தரமாகக் கெடும். குளிரில் சார்ஜைத் தானே துண்டிக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் மின்னணுச் சுற்று) உள்ள பேட்டரியையே வாங்குங்கள். பானட்டுக்குள் இருக்கும் சூடும் அதற்கு ஆகாது, வண்டிக்குள்ளேயே பொருத்துங்கள்.