ஈ.டி.யூ.வுக்குப் புரோகல்சிற்றோனின் மெஷின் வாங்குவோமா?

உப்புவெளியான்:
பழைய மாணவர் சங்கத்தில் கொஞ்சம் காசு சேர்ந்திருக்கிறது. திருகோணமலைப் பக்கம் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி ஈ.டி.யூ.வுக்கு (அவசர சிகிச்சைப் பிரிவு), ரத்தத்தில் புரோகல்சிற்றோனின் என்ற புரதத்தின் அளவைப் பார்க்கும் மெஷின் வாங்கிக் கொடுத்தால் என்ன? பக்டீரியாத் தொற்று பரவினால் சில மணித்தியாலத்திலேயே இது ஏறத் தொடங்கும், வழக்கமாகப் பார்க்கும் சீ.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதம் ஏறுவது அதற்குப் பிறகுதான். செப்சிஸை, அதாவது தொற்றால் உறுப்புகள் பழுதாகும் நிலையை, முந்திப் பிடிக்கலாம்.

மூதூர் நேர்ஸ்:
நல்ல மனசு அண்ணன், ஆனால் அந்த மெஷின் வேண்டாம். அன்ரிபயோடிக் தொடங்குவதா என்று தீர்மானிக்க இதை நம்ப வேண்டாம் என்றுதான் 2021 சர்வதேச செப்சிஸ் வழிகாட்டி சொல்கிறது. செப்சிஸால் பிரஷர் விழுந்து ஷொக்கில் வருபவருக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து ஏற வேண்டும். வயசான அம்மா ஒருவர் வருவார், காய்ச்சலே இருக்காது, பேச்சு மட்டும் தடுமாறும். எல்லோரும் தெர்மோமீற்றரைப் பார்ப்பார்கள். மூச்சை ஒரு நிமிஷம் எண்ணிப் பார்த்தால் 28, வழக்கத்தை விட நல்ல வேகம், செப்சிஸின் அறிகுறி. அதை எண்ண ஆள் வேண்டும், மெஷின் இல்லை.

கிண்ணியா நானா:
ஆள் இல்லாததால்தானே மெஷின் கேட்கிறோம்! மாரியில் வந்து பாருங்கள் தங்கச்சி. டெங்கு, எலிக்காய்ச்சல், சாதாரண வைரஸ், எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். எது பக்டீரியா என்று ஒரு துளி ரத்தம் சொன்னால் கசக்குமா?

மூதூர் நேர்ஸ்:
சொன்னால் கசக்காது நானா, அது பொய் சொல்லும் இடமும் உண்டு. விபத்துக் காயம், தீக்காயம், சிறுநீரகம் பழுதானவர், எல்லோருக்கும் இது ஏறும். பதவி ஸ்ரீபுரப் பக்கம் சிறுநீரக நோயாளிகள் எத்தனை பேர்? தொற்று இருந்தும் குறைவாகக் காட்டினால் இன்னும் ஆபத்து, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்புறம், வயலில் நிற்கும் சீனி வருத்தக்காரருக்கு மெலியோயிடோசிஸ் (மண்ணிலும் தண்ணீரிலும் இருக்கும் பக்டீரியாவால் வரும் நோய்) வந்தால் செஃப்டாசிடிமோ மெரோபெனெமோ என்ற அன்ரிபயோடிக்தான் வேண்டும். எந்தக் கிருமி என்று, ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சர்தான் சொல்லும்.

உப்புவெளியான்:
அப்போ ரத்தத்தில் ஒன்றுமே பார்க்க வேண்டாமா?

மூதூர் நேர்ஸ்:
லக்டேட் பாருங்கள், உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது ரத்தத்தில் ஏறும் பொருள் அது. லீற்றருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் போனால் பிரஷர் விழுமுன்னரே எச்சரிக்கும். கையடக்க மீற்றர் போதும், ஆனால் அதில் போடும் ஸ்ட்ரிப் முடிந்தால் யார் வாங்குவது என்று இப்பவே பேசுங்கள். புரோகல்சிற்றோனினுக்கும் இடம் உண்டு, வோர்ட்டில். நாளுக்கு நாள் இறங்கினால் அன்ரிபயோடிக்கை நேரத்தோடு நிறுத்தலாம்.

கிண்ணியா நானா:
நிறுத்த உதவுவது தொடங்க உதவாதாம்! எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை.

உப்புவெளியான்:
ரெண்டுக்கும் விலை எடுக்கிறேன். ஸ்ட்ரிப் செலவுக்கு லண்டனில் இருக்கும் நம் பழைய மாணவரைத்தான் பிடிக்க வேண்டும்.