உபுண்டு 24.04: பைடெசராக்ட் நிறுவ முடியவில்லை, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். தாத்தா வைத்திருந்த பழைய பாட்டுப் புத்தகம் ஒன்று, 64 பக்கம். ஸ்கேன் செய்து, படத்திலிருந்து எழுத்தை எடுக்க உதவும் பைடெசராக்ட் என்ற பைத்தான் தொகுப்பை வைத்து எழுத்தாக மாற்றப் பார்க்கிறேன். வீட்டு டெஸ்க்டாப்பில் போன வாரம்தான் உபுண்டு 24.04 போட்டேன். பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப்பில் 'பிப் இன்ஸ்டால் பைடெசராக்ட்' கொடுத்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று நிற்கிறது. 22.04 இருக்கும் ஆபீஸ் கணினியில் இதே கட்டளை ஓடியது. சூடோ (நிர்வாகி அனுமதி) சேர்த்தாலும் அதே பாட்டுதான். 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று ஒரு வழியை அதுவே காட்டுகிறது. போடலாமா?

பதில் 1:
போடாதீர்கள், உடைப்பேன் என்று பெயரிலேயே இருக்கிறது! உபுண்டுவின் பல கருவிகள் பைத்தானில் எழுதியவை. உபுண்டுவின் சொந்த நிறுவியான ஆப்ட் வைத்த மாட்யூல் (பைத்தான் நிரல் துண்டு) ஒன்று இருக்க, சூடோவோடு பிப் வேறு பதிப்பைக் கொண்டுவந்தால், அந்தக் கருவிகளும் புதியதைத்தான் எடுக்கும். பழைய பதிப்பு ஒன்றில் நான் இப்படிச் செய்து, அப்டேட் ஓடாமல் அரை நாள் போனது. இந்தத் தடுப்பு உபுண்டு 23.04, டெபியன் 12 பதிப்புகளில் வந்தது. 22.04 அதற்கு முந்தையது, ஆபீஸில் ஓடியதற்கு அதுதான் காரணம்.

இந்த வேலைக்கென்று பைத்தானில் தனி அறை (வென்வ்) கட்டிக்கொள்ளுங்கள். முதலில் ஆப்ட் வழியாக 'பைத்தான்3-வென்வ்'. அப்புறம் 'பைத்தான்3 -எம் வென்வ் பாட்டு'. உருவாகும் 'பாட்டு' ஃபோல்டருக்குள் 'பின்' (bin) என்ற ஃபோல்டரில் ஆக்டிவேட் என்று ஒரு கோப்பு இருக்கும், அதை 'சோர்ஸ்' கட்டளை கொடுத்து ஓட்டுங்கள். டெர்மினலில் வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'பாட்டு' என்று வந்தால் உள்ளே வந்துவிட்டீர்கள். இனி பிப் முரண்டு பிடிக்காது.

கேட்டவர்:
நன்றிங்க, பைடெசராக்ட், படங்களைத் திறக்கும் பில்லோ இரண்டும் ஏறிவிட்டன. ஓட்டினால் 'பார்ஷியலி இனிஷியலைஸ்டு மாட்யூல் பைடெசராக்ட்' என்று தொடங்கி 'சர்குலர் இம்போர்ட்' என்று முடிகிறது. ஒரு மண்ணும் புரியவில்லை.

பதில் 2:
உங்கள் நிரல் கோப்புக்கு என்ன பெயர் வைத்தீர்கள்?

கேட்டவர்:
பைடெசராக்ட்.பை. ஏன்?

பதில் 2:
அதேதான். இம்போர்ட் என்றதும் பைத்தான் முதலில் உங்கள் நிரல் இருக்கும் ஃபோல்டரைப் பார்க்கும். அங்கே உங்கள் கோப்பே அந்தப் பெயரில் நிற்பதால், அது தன்னையே கூப்பிட்டுக்கொள்கிறது. வேறு பெயர் வையுங்கள்.

அடுத்து 'டெசராக்ட் நாட் ஃபவுண்ட்' வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். பைடெசராக்ட் வெறும் தூதுவன். படிக்கிற இயந்திரம் வேறு, அது பிப்பில் வராது. ஆப்ட்டில் 'டெசராக்ட்-ஓசிஆர்', கூடவே தமிழுக்கு 'டெசராக்ட்-ஓசிஆர்-டாம்' போடுங்கள். நிரலில் லாங் என்ற இடத்தில் 'டாம்' கொடுக்க மறந்தால், தமிழை ஆங்கிலமாக நினைத்துப் படித்து உளறும்.

கேட்டவர்:
பெயரை மாற்றினேன், நீங்கள் சொன்ன பிழை அப்படியே வந்தது! இரண்டையும் போட்டதும் ஓடிவிட்டது. இன்று காலை புது டெர்மினல் திறந்தால் 'மாட்யூல் நாட் ஃபவுண்ட்'. பகீர் என்றது. பார்த்தால் ஆக்டிவேட் செய்யவே இல்லை. முதல் பக்கம் வந்துவிட்டது, ஆனால் 'ழ' பாதி இடங்களில் 'மு' என்று விழுகிறது.

பதில் 1:
எத்தனை டிபிஐயில் (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) ஸ்கேன் செய்தீர்கள்?

கேட்டவர்:
ஸ்கேனர் 150-இல் இருந்தது, மாற்றவில்லை.

பதில் 1:
300 வைத்து அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறுபடி எடுத்துப் பாருங்கள். சரியாக வந்தால் மற்ற 63-ஐயும் எடுக்கலாம்.