0-ம் 16-ம் ஒரே கோர்: விர்ச்சுவல் மெஷின் பின்னிங்கில் நான் செய்த தவறு

காரைக்குடி:
நகைக்கடை, ஜவுளிக்கடைக் கணக்குகளைப் பராமரிக்கும் சின்ன அலுவலகத்தில் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு இன்டெல் பிராசசர், தலா 8 கோர், ஒவ்வொரு பிராசசர் பக்கத்துக்கும் 32 ஜிபி ரேம். ஒரே சர்வரில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் லினக்ஸ் வசதியான கேவிஎம்மில் கணக்கு டேட்டாபேஸ் ஒரு மெஷின். வெளியாட்கள் சாப்ட்வேர் சோதிக்க இன்னொன்று.

மாலையானால் டேட்டாபேஸ் இழுத்தது. மெமரி எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டும் நியூமாஸ்டாட்டில் பார்த்தால், அதன் மெமரியில் பாதி அடுத்த பிராசசர் பக்கம் கிடந்தது; அங்கிருந்து எடுக்க நேரமாகும். அதனால் மெமரியை ஒரு பக்கமாக ஒதுக்கி, டேட்டாபேஸை சிபியு எண் 0 முதல் 7 வரையிலும் சோதனை மெஷினை 16 முதல் 23 வரையிலும் மட்டுமே ஓடும்படி பின் செய்தேன். எண் வேறு என்றால் கோரும் வேறு என்றே நம்பினேன். வேகம் வந்துவிட்டது, ஒரு மாதம் அப்படியே ஓடியது.

அப்புறம் வேறு வேலையாக, எந்த எண் எந்தக் கோரில் என்று பட்டியலிடும் எல்எஸ்சிபியு -ஈ கமாண்டைப் போட்டேன். 0-ம் 16-ம் ஒரே கோரின் இரண்டு திரெட், அதாவது ஒரு கோரே இரண்டு சிபியு போலத் தெரிவது! கோருக்குள் இருக்கும் சின்ன வேக மெமரியான எல்1 கேஷ் இரண்டுக்கும் ஒன்றுதான். 2018 ஆகஸ்டில் வெளிவந்த எல்1டிஎஃப் என்ற இன்டெல் பிராசசர் பாதுகாப்பு ஓட்டை இந்த வழியாக ஒரு கெஸ்டின் (விர்ச்சுவல் மெஷினின்) தகவலைப் பக்கத்துத் திரெடில் இருப்பவனுக்குக் காட்டிக்கொடுக்கும். கெஸ்டுக்குள் நுழையும்போது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் கேஷைத் துடைப்பது மட்டும் இதற்குப் போதாது. ஒரே வளவில் (கூட்டு வீட்டில்) இருந்தாலும் புள்ளிக்குப் புள்ளி, அதாவது தம்பதிக்குத் தம்பதி, தனி அடுப்பு வைக்கிற ஊர் இது. கடைக்காரர்கள் நம்பிக் கொடுத்த கணக்கை வெளியாளோடு ஒரே அடுப்பில் வைத்திருந்தேன் என்பது இன்னும் உறுத்துகிறது.

அன்றே சோதனை மெஷினை 8–15, 24–31 என அடுத்த பிராசசருக்கு மாற்றி, மெமரியையும் வேறு பக்கம் எடுக்கவே கூடாது என்று அங்கேயே ஸ்ட்ரிக்ட்டாகக் கட்டினேன். மெஷின்களின் மெமரியில் ஒரே மாதிரி இருக்கும் துண்டுகளை ஒன்றாக இணைத்து இடம் மிச்சப்படுத்தும் கேஎஸ்எம்மையும் நிறுத்தினேன். எழுதும் நேரத்தை அளந்தே பக்கத்து மெஷினில் என்ன இருக்கிறது என்று அதில் ஊகிக்கலாம். அதன் ரன் அமைப்பில் 0 போட்டால் ஏற்கெனவே இணைந்தவை அப்படியே இருக்கும், 2 போட்டால்தான் பிரியும்.

தேவகோட்டை:
அண்ணே, ஸ்ட்ரிக்ட்டில் கவனம். எங்களிடம் 32 ஜிபி பக்கத்தில் ஒரு மெஷினுக்கே 30 கொடுத்துவிட்டோம். ஹோஸ்டுக்கு, அதாவது மெஷின்களை ஓட்டும் சர்வருக்கு, இடமில்லாமல் நள்ளிரவில் கர்னல் அந்த மெஷினையே கொன்றுவிட்டது. அடுத்த பக்கம் பாதி ரேம் சும்மா கிடந்தது! இன்னொன்று, திரெட் எண் வரிசை சர்வருக்குச் சர்வர் மாறும். எங்களுடையதில் 0-ம் 1-ம் ஜோடி. மெஷின்களை நிர்வகிக்கும் விர்ஷ் கமாண்டில் பின் செய்தபோது, அமைப்பை நிலையாகச் சேமிக்கும் கான்ஃபிக் ஆப்ஷனைச் சேர்த்தீர்களா? இல்லையென்றால் மெஷினை நிறுத்தி ஏற்றியதும் பின்னிங் போய்விடும்.

காரைக்குடி:
சேர்க்கவில்லை தம்பி. இப்போதுதான் சேர்த்தேன். இன்று இரவு கடைகள் அடைத்ததும் இரண்டையும் நிறுத்தி ஏற்றி, பின்னிங் நிற்கிறதா என்று பார்க்கிறேன்.