450 சதுர மீட்டருக்குக் கீழே கிரானி ஃபிளாட்: இந்த விதி நியாயமா?

வெண்ட்வர்த்வில் வாசி:
ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நிலம் 450 சதுர மீட்டர் இருந்தால், அனுமதி தரும் செர்டிஃபையரிடம் சி.டி.சி. (விதிகளுக்குப் பொருந்தினால் கிடைக்கும் விரைவு அனுமதிச் சான்று) வாங்கிக்கொண்டு உள்ளாட்சிக் கவுன்சில் வாசலை மிதிக்காமலே பின்புறம் 60 சதுர மீட்டரில் கிரானி ஃபிளாட் (அதே நிலத்தில் இன்னொரு சிறு வீடு) கட்டிவிடலாம். எங்கள் நிலம் 430. அந்த 20 சதுர மீட்டர் குறைந்ததற்காக டி.ஏ. (கவுன்சிலிடம் அனுமதி கேட்கும் விண்ணப்பம்) போட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். வயதான அப்பா அம்மாவுக்கு ஒரு படுக்கையறை, படி இல்லாத ஒரு குளியலறை, நாங்கள் கேட்பது இவ்வளவுதான். விக்டோரியாவில் 2023 டிசம்பரிலிருந்து 300 சதுர மீட்டர் நிலத்திலேயே, வெள்ளம் போன்ற தடைகள் இல்லையென்றால், இப்படிச் சிறு வீட்டுக்குப் பிளானிங் பெர்மிட் (திட்டமிடல் அனுமதி) கேட்பதில்லை. அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? எல்லையைத் தளர்த்தியே ஆக வேண்டும்.

பின்வேலி:
தம்பி, உங்கட அவசரம் விளங்குது. நான் வேலிக்கு மற்றப் பக்கம் இருக்கிற ஆள். பக்கத்து வளவில கட்டேக்க எங்களுக்கு வந்தது ஒரு அறிவித்தல் கடிதம் மட்டும். சி.டி.சி. எண்டால் ஆட்சேபம் சொல்லி நிறுத்த ஏலாது. 450 அளவு காணிக்குப் பின்வேலியில இருந்து 3 மீற்றர், பக்கவேலியில இருந்து 90 சென்ரிமீற்றர் விட்டால் சரி. அந்த 90 சென்ரிமீற்றருக்குள்ள ஏசிப் பெட்டியைக் கொண்டுவந்து வைச்சினம். இரவு முழுக்க அந்த இரைச்சல் எங்கட படுக்கையறை யன்னலுக்குத்தான் வருது. அது இவ்வளவுக்கும் பெரிய காணி. 300இலயும் விட்டால் மழைத்தண்ணி எங்க இறங்கிறது? புல்லு நிண்ட இடமெல்லாம் கூரையும் கொங்கிறீற்றும்தான்.

வரைபலகை:
நான் வீட்டுப் பிளான் வரைபவள், அதனால் சொல்கிறேன். டி.ஏ.வில் 450 என்ற கணக்கு தனியாக நிற்கும் கிரானி ஃபிளாட்டுக்கு. மாநிலத்தின் 2021ஆம் ஆண்டு ஹவுசிங் கொள்கைப்படி, வீட்டோடு ஒட்டியோ வீட்டுக்குள்ளேயோ அமைத்து டி.ஏ. போட்டால் அந்தக் குறைந்தபட்ச அளவு பொருந்தாது. தனியாகத்தான் வேண்டும் என்றாலும் 430க்குத் தடை கிடையாது. நிலம் சிறியது என்று சொல்லி மறுக்கும் உரிமை கவுன்சிலுக்கு வந்துவிடுகிறது, அவ்வளவுதான். கார் நிறுத்தக் கூடுதல் இடமும் கேட்க மாட்டார்கள்.

எல்லோரும் பரப்பளவையே பார்க்கிறார்கள், வேலை நின்றுபோவது கழிவுநீர்க் குழாயில். பழைய பகுதிகளில் சிட்னி வாட்டர் என்ற நீர் வாரியத்தின் மெயின் குழாய் பல வீடுகளின் பின்தோட்டத்துக்குள்ளேயே ஓடும், நாம் கட்ட நினைக்கும் அதே மூலையில். குழாய் எங்கே, எவ்வளவு ஆழத்தில் என்று ஆள் வைத்து அளந்து ஆணி அடித்துக் குறிக்க வேண்டும். அஸ்திவாரத்தின் பாரம் குழாய்மேல் இறங்காதபடி பியர்களை (அஸ்திவாரத் தூண்களை) ஆழமாக இறக்க வேண்டும், சில இடங்களில் குழாயைச் சுற்றியே கான்கிரீட் போடச் சொல்வார்கள். பில்டர் தரும் விலையில் பெரும்பாலும் இது இருக்காது. வரைபடம் போடும் முன்பே இதைப் பாருங்கள்.

வெண்ட்வர்த்வில் வாசி:
நன்றி அக்கா. ஒட்டிக் கட்டினால் அம்மாவுக்குத் தனி வீடு என்ற நிம்மதி போய்விடும். இருக்கிற கராஜையே மாற்றிவிட்டால்? பலர் சத்தமில்லாமல் செய்கிறார்களே.

வரைபலகை:
அனுமதி இல்லாமல் வேண்டவே வேண்டாம். கராஜ் ஆள் குடியிருக்கக் கட்டியதில்லை. தரைக்கு அடியில் ஈரத்தடுப்பு இருக்கிறதா என்பதே சந்தேகம், வயதானவர்களுக்கு அந்த ஓதம் ஆகாது. படுக்கையறைக்குக் கூரை உயரம் 2.4 மீட்டர் வேண்டும், பல கராஜ்களில் அது இல்லை. எல்லைக்கு 90 சென்டிமீட்டருக்குள் சுவர் இருந்தால் தீத்தடுப்புச் சுவராக இருக்க வேண்டும். தீப்பிடித்தால் உள்ளே தூங்குவது உங்கள் அப்பா. இன்ஷூரன்ஸ் பணம் மறுக்கப்படுவதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கவலை.

பின்வேலி:
இதில நான் தங்கச்சியோட. இன்னொண்டும் கேக்கிறன் தம்பி, அப்பா அம்மா தங்கட காசும் போடுகினமோ? கிரானி ஃபிளாட்டைப் பிரிச்சு விக்க ஏலாது, காணி உறுதிப் பத்திரம் உங்கட பேரில. நாளைக்குக் குடும்பத்தில ஒரு பிரச்சினை எண்டால் அவைக்கு என்ன பிடிமானம்? எழுத்தில ஒப்பந்தம் போடுங்கோ. 2021 ஜூலை 1இல இருந்து, அதில குடியிருக்கிறவை ஓய்வூதிய வயசு தாண்டினவையோ உடல் இயலாமை உள்ளவையோ எண்டால், அந்த எழுத்து ஒப்பந்தத்துக்கு மூலதன ஆதாய வரியும் இல்லை. பிறகு வாடகைக்குக் குடுத்தால் கதை வேற: வாடகைக்கு வருமான வரி, வீட்டை விக்கேக்க, குடியிருந்த வீட்டுக்குக் கிடைக்கிற மூலதன ஆதாய வரிவிலக்கிலயும் ஒரு பங்கு போகும்.

வெண்ட்வர்த்வில் வாசி:
ஒப்பந்தம் கட்டாயம் போடுவேன் அண்ணா. டி.ஏ. போடும் முன் கவுன்சிலோடு ஒரு ப்ரீ-லாட்ஜ்மென்ட் சந்திப்பும் கேட்கப் போகிறேன். ஆனால் 450இல் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. நீங்கள் சொன்ன இரண்டு குறையும், தண்ணீரும் சத்தமும், நிலத்தின் மொத்த அளவால் தீர்வதில்லை. உங்கள் பக்கத்து வளவே அதற்குச் சாட்சி. நிலத்தில் எத்தனை பங்கு மண்ணாக விட வேண்டும், ஏசி எங்கே வைக்கக் கூடாது என்பதையெல்லாம் கறாராக வைத்துவிட்டு, பரப்பளவு எல்லையை எடுக்கலாம்.

பின்வேலி:
ஏசியை வேலியில இருந்து தள்ளி வைக்கச் சொல்லுற விதி வந்தால் நானும் கையெழுத்து வைப்பன். ஆனா பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடிதம் மட்டும் காணாது, வரைபடம் முடிவாக முதல் தன்ர பக்கத்தைச் சொல்ல ஒரு சந்தர்ப்பமும் வேணும். அது இல்லாமல் 300 எண்டால் எனக்குச் சம்மதமில்லை.