வெள்ளவத்தை தொடர்மாடிக் குழு: அந்தப் படம்

சிவா: இரவுச் செய்தியில் காட்டின ஆளின் படம் இது, பயங்கரவாத சந்தேகநபராம். புதிதாக வாடகைக்கு வருகிறவர்களை எல்லாரும் கொஞ்சம் கவனியுங்கள்.

நிர்மலா: சிவா அண்ணா, தயவுசெய்து படத்தை எடுத்துவிடுங்கள். 2008இல் என் தம்பியைப் பிடித்த மறுநாளே ஒரு பேப்பரில் அவன் படம் வந்தது. 14 மாதம் கழித்து வழக்கே போடாமல் விட்டார்கள், அதை யாரும் செய்தியாகப் போடவில்லை. அம்மா அந்தப் பேப்பரைச் சாகும்வரை அலுமாரியில் மடித்து வைத்திருந்தா.

சிவா: அது போர்க்காலம் பிள்ளை. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்பை எப்படி மறப்பது? கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் நான் செவ்வாய் தவறாமல் போகிற இடம். கவனமாக இருந்திருந்தால் அந்தச் சனம் செத்திருக்காது.

ஃபரீனா: கவனமில்லாமல் இருந்தது யார் அங்கிள்? ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியா தகவல் கொடுத்துவிட்டது. தாக்குதலைத் தடுக்கத் தவறினதற்காகத்தானே 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபாலவை 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது? ஆனால் குண்டு வெடித்த பிறகு அந்த மாதம் முழுக்க டிவியில் காட்டினது எங்கள் முஸ்லிம் ஆட்களின் வீட்டுக் கத்தியும் அரபு எழுத்துப் புத்தகமும். அடுத்த மாதம் குருநாகல் டாக்டர் ஒருவர் 4,000 சிங்களப் பெண்களுக்குக் கருத்தடை செய்தார் என்று முதல் பக்கத்தில் போட்டார்கள், அவரைப் பிடித்து அடைத்தும் விட்டார்கள், விசாரித்தால் ஆதாரமே இல்லை. நான் அப்போது பஸ்ஸில் ஏறவே பயந்தேன்.

குகன்: இதில் சட்டமும் இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கினது. சாதாரண வழக்கில் பொலிஸிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது, இதில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன்னால் கொடுத்தால் செல்லும், அடித்து வாங்கினது என்று நிரூபிக்க வேண்டியதும் பிடிபட்டவர்தான். 2022 திருத்தத்துக்குப் பிறகும் அமைச்சரின் உத்தரவில் 12 மாதம் அடைத்து வைக்கலாம். 2015இல் ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையில் இந்தச் சட்டத்தை நீக்குவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். குண்டு வெடித்ததும் அந்தப் பேச்சு அடங்கிப்போனது. செய்தி பார்த்துச் சனம் பயந்திருக்கும்போது இதில் கை வைத்தால் வாக்குப் போகும் என்று எல்லாக் கட்சிக்கும் தெரியும்.

நிர்மலா: 2007 ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் இருந்த எங்கள் தமிழ்ச் சனத்தை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்களே அண்ணா, அதற்கும் பாதுகாப்பு என்றுதான் காரணம் சொன்னார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்டுத்தான் நின்றது.

சிவா: அந்த பஸ்ஸில் என் மச்சானும் இருந்தவர். சரி பிள்ளை, படத்தை எடுத்துவிட்டேன். கோயில் குழுவுக்கும் அனுப்பியிருந்தேன், அங்கேயும் அழித்துவிட்டு ஏன் என்று எழுதுகிறேன். ஃபரீனா, குறை நினைக்காதே மகள்.