எட்டை மூன்றாகப் பிரிப்பது ஒன்றாம் வகுப்புக்குத் தேவையா?

கொழிஞ்சாம்பாறை அம்மா:
நாங்கள் கேரளாவில் பாலக்காட்டுப் பக்கம். பையன் ஒன்றாம் வகுப்பு, தமிழ் மீடியம். எட்டை மூன்று பாகமாக எத்தனை விதத்தில் பிரிக்கலாம், எழுதி வா என்று நேற்று வீட்டுப்பாடம். 4+3+1 என்று எழுதினான், அடுத்து 1+3+4, அப்புறம் 3+1+4. மூன்றும் ஒன்றா வேறா என்று கேட்கிறான், எனக்கே சொல்லத் தெரியவில்லை. கூட்டலையே விரல்விட்டுத்தான் செய்கிறான், அதற்குள் இது வேணுமா?

வேலந்தாவளம் கடைக்காரர்:
வேண்டாங்க. அஞ்சும் மூணும் எட்டு, அது முதலில் மனசில் பதியட்டும். எங்களுக்கு வாத்தியார் பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் சொல்ல வைத்தார், இன்றைக்கும் கால்குலேட்டர் இல்லாமல் கடை நடக்கிறது. ஒரு கணக்குக்கு ஒரு விடை என்றால்தான் சின்னப் பிள்ளைக்குத் தைரியம் வரும். பத்து விடை இருக்கிறது, எல்லாவற்றையும் கண்டுபிடி என்றால் அது மிரண்டு போகும்.

சித்தூர் டீச்சர் (ஓய்வு):
அண்ணா, உங்கள் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். 37 ரூபாய்க்குச் சாமான் வாங்கி நூறு ரூபாய் நீட்டினால் என்ன செய்கிறீர்கள்? மூன்று ரூபாய் வைத்து நாற்பது, பத்து வைத்து ஐம்பது, ஐம்பது வைத்து நூறு. 63-ஐ மூன்றாகப் பிரித்துத்தானே கையில் கொடுக்கிறீர்கள்? அது எந்த வாய்ப்பாட்டில் இருக்கிறது? 8+5 செய்யும் பிள்ளையும் ஐந்தை இரண்டும் மூன்றுமாக உடைத்து, இரண்டை எட்டோடு சேர்த்துப் பத்தாக்கினால் விரலே வேண்டாம்.

அந்த அம்மாவுக்கு: பையன் கேட்டது ரொம்ப நல்ல கேள்வி. எட்டுப் புளியங்கொட்டையும் மூன்று தட்டும் கொடுங்கள். தட்டு யாருடையது என்று சொல்லாவிட்டால் 6+1+1, 5+2+1, 4+3+1, 4+2+2, 3+3+2 என்று ஐந்தே விதம். ஒன்று அவனுக்கு, ஒன்று தங்கச்சிக்கு, ஒன்று உங்களுக்கு என்றால் 21 விதம். தங்கச்சி தட்டில் நாலும் தன் தட்டில் ஒன்றும் விழுந்தால் அது வேறு கணக்கு என்று அவனே சண்டைக்கு வருவான் பாருங்கள்.

பொள்ளாச்சி இன்ஜினியர்:
டீச்சர் பக்கம்தான் நானும். கணித மேதை ராமானுஜனும் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டியும் 1918-இல் எழுதியதே இப்படி எண்களைப் பிரிப்பது பற்றித்தான். எத்தனை பாகமாக வேண்டுமானாலும் என்றால் நூறை மட்டும் 19,05,69,292 விதமாகப் பிரிக்கலாம், வரிசை மாறினால் ஒன்றுதான் என்று வைத்தே இவ்வளவு. சின்ன வயதிலேயே தொடங்கட்டுமே.

வேலந்தாவளம் கடைக்காரர்:
தம்பி, ராமானுஜனை விடுங்க, ஆறு வயசுப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோம். டீச்சர் சொன்ன சில்லறைக் கணக்கு சரிதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எனக்குக் கல்லாவில் நின்று நின்று கை பழகி வந்தது, எவரும் நோட்டில் எழுதி வா என்று சொல்லவில்லை. அந்த அம்மா வீட்டில் பிள்ளை நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து திணறுகிறான், என் கோபம் அதில்தான்.

சித்தூர் டீச்சர் (ஓய்வு):
அதில் எனக்கும் கோபம்தான் அண்ணா. என் வகுப்பில் நான் ஐந்திலிருந்துதான் தொடங்குவேன், அதுவும் இரண்டு பாகம் மட்டும். ஐந்து கொட்டையில் சிலதைக் கைக்குள் மூடிக்கொண்டு, வெளியே மூன்று இருக்கிறது, உள்ளே எத்தனை என்று கேட்பேன். எண்ணாமல் பளிச்சென்று இரண்டு என்று வரும் வரைக்கும் மூன்று பாகத்துக்குப் போனதே இல்லை. ஆனால் வாய்ப்பாடு முடியட்டும், அப்புறம் பிரிக்கலாம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பதினேழு என்ற பெயரிலேயே பத்தும் ஏழும் இருக்கிறது, மலையாளத்திலும் அப்படித்தான் சொல்கிறோம். பிரித்துப் பார்க்காத பிள்ளைக்கு அது வெறும் சத்தம்.

வேலந்தாவளம் கடைக்காரர்:
கொட்டை வைத்து என்றால் சரி. வாய்ப்பாடும் கூடவே போகணும், அதை விடமாட்டேன்.

கொழிஞ்சாம்பாறை அம்மா:
இப்போது தட்டு வைத்துப் பார்த்தோம். ஒரு தட்டைக் காலியாக விட்டு ஐந்தும் மூன்றும் வைத்துவிட்டு, இதுவும் மூன்று தட்டுதானே என்கிறான். டீச்சர், பூஜ்யம் சேருமா?