அன்னாசி ராத்திரியில் சாப்பாடு செய்யுமா?

குலசேகரம் தோட்டக்காரன்:

குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகிற வழியில், ரப்பர் மறுநடவு செய்த இடம் ஒன்றைப் பாட்டத்துக்கு எடுத்து அன்னாசி போட்டிருக்கிறேன். ரப்பர் கன்று வளர்ந்து நிழல் கட்டும்வரை மூன்று நாலு வருஷம் நமக்கு, அதற்கப்புறம் இடத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

மகள் பதினொன்றாம் வகுப்பு. “அப்பா, அன்னாசி பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு ராத்திரிதான் கார்பன் டை ஆக்சைடை இழுக்கும்” என்று பாடத்தைப் படித்துவிட்டுச் சொன்னாள். பக்கத்துத் தோட்டத்து அண்ணாச்சி காதில் அது விழுந்துவிட்டது. “அப்போ சமையல் ராத்திரியிலேதானே, வெயில் எதுக்கு? ரப்பர் நிழல் கட்டினாலும் காய்க்கும், நீ பாட்டத்தை நீட்டு” என்று பிடித்துக்கொண்டார். நான் பார்த்தவரை, நிழல் விழும் வரிசையில் காய் சிறுத்துத்தான் போகிறது.

இலைக்குள் என்ன நடக்கிறது என்று விவரமாகச் சொல்லுங்கள். ஆறு கார்பன் டை ஆக்சைடு, ஆறு தண்ணீர் என்று சமன்பாட்டை எழுதிவிட்டுப் போக வேண்டாம். அது மகளின் புத்தகத்திலேயே இருக்கிறது.

தோவாளை வயல்காரன்:

வெயில் வேண்டாத பயிர் உண்டென்றால் எனக்கும் நாலு கன்று அனுப்புங்கள் அண்ணே. கும்பப்பூ நெல் பருவத்தில் பத்து நாள் மேகம் மூடினாலே நெல் படுகிற பாடு எங்களுக்குத் தெரியும்.

தக்கலை டீச்சர்:

தம்பி, மகள் சொன்னது சரி. அண்ணாச்சி அதை வைத்துக்கொண்டு போன வழிதான் கோணல். நான் பள்ளியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள், அதனால் கொஞ்சம் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பச்சை இலையானாலும் அதற்குள் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று வெயிலைப் பிடிப்பது. இன்னொன்று கார்பனைச் சர்க்கரையாகக் கட்டுவது.

வெயிலைப் பிடிக்கும் இடம் பசுங்கணிகத்துக்குள் அடுக்கடுக்காக இருக்கும் தைலக்காய்டு சவ்வு. அங்கே ஒளி அமைப்பு 2 என்ற புரதத் தொகுப்பில் உள்ள பச்சையம் ஒளியை வாங்கியதும் ஓர் எலக்ட்ரானை இழந்துவிடுகிறது. அந்தக் குறையை அது தண்ணீரிலிருந்து தீர்த்துக்கொள்கிறது. நாலு மாங்கனீசு அணுவும் ஒரு கால்சியம் அணுவும் சேர்ந்த சின்னக் கொத்து ஒன்று இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளைப் பிளந்து, நாலு எலக்ட்ரான், நாலு ஹைட்ரஜன் அயனி, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு என்று பிரித்துப் போடுகிறது. தண்ணீரைப் பிளப்பது லேசான காரியமில்லை. தொழிற்சாலையில் செய்தால் மின்சாரம் கொடுத்தாக வேண்டும். இலை அதை வெயிலை மட்டும் வைத்து, சாதாரண வெப்பநிலையில் செய்துவிடுகிறது. என்னைக் கேட்டால் ஒளிச்சேர்க்கையில் பெரிய வித்தை இதுதான். பரீட்சையில் ஒரு மதிப்பெண்ணோடு முடித்துவிடுகிறார்கள்.

அந்த எலக்ட்ரான் பிளாஸ்டோகுயினோன், சைட்டோகுரோம் பி6எஃப், பிளாஸ்டோசயனின் என்று கைமாறி ஒளி அமைப்பு 1க்குப் போகிறது. அங்கே இன்னொரு முறை ஒளியின் உந்துதல் கிடைத்ததும் ஃபெரிடாக்சின் என்ற புரதம் வழியாக, எலக்ட்ரானைச் சுமக்கும் என்ஏடிபி என்ற மூலக்கூறு மேல் ஏறி, அதை என்ஏடிபிஎச் ஆக்குகிறது. போகிற வழியில் ஹைட்ரஜன் அயனிகள் சவ்வுக்கு உள்ளே குவிந்துகொண்டே இருக்கும். குவிந்தது வெளியே வர ஒரே நல்ல வழி ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி. கோதையாறு மின்நிலையத்தில் மேலே தேங்கிய தண்ணீர் குழாய் வழியாக இறங்கி டர்பைனைச் சுற்றுகிற மாதிரி, அயனிகள் இறங்கும்போது இந்த நொதியின் ஒரு பகுதி நிஜமாகவே சுற்றுகிறது. அந்தச் சுற்றில்தான் ஏடிபி, அதாவது செல்லின் வேலைகளுக்குச் சக்தி கொடுக்கும் மூலக்கூறு, உண்டாகிறது. பீட்டர் மிட்செல் இந்தக் கருத்தை 1961இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அதற்கே நோபல் பரிசு கொடுத்தார்கள்.

சரி, இரண்டாவது வேலை. ஐந்து கார்பன் கொண்ட ஆர்யூபிபி என்ற சர்க்கரையோடு ருபிஸ்கோ என்ற நொதி ஒரு கார்பன் டை ஆக்சைடைச் சேர்க்கிறது. சேர்ந்ததும் அது மூன்று கார்பன் துண்டுகள் இரண்டாக உடைகிறது. இப்படி மூன்று கார்பன் டை ஆக்சைடு உள்ளே வந்து, 9 ஏடிபியும் 6 என்ஏடிபிஎச்சும் செலவான பிறகு, மூன்று கார்பன் சர்க்கரை ஒன்று மிச்சமாகும். மற்றதெல்லாம் ஆர்யூபிபியைத் திரும்ப உண்டாக்கவே போய்விடும். இதற்குத்தான் கால்வின் சுழற்சி என்று பெயர். கதிரியக்கக் கார்பன் 14ஐப் பாசிக்குக் கொடுத்து இதைக் கண்டுபிடித்தவர்கள் கால்வின், பென்சன், பாஷம். 1961இல் நோபல் பரிசு கால்வினுக்கு மட்டும் போனது. பென்சனை விட்டது அநியாயம் என்று வகுப்பில் வருஷா வருஷம் சொல்வேன்.

இனி உங்கள் ரப்பருக்கு வருவோம். ருபிஸ்கோ சோம்பேறி நொதி, நொடிக்கு சுமார் மூன்று மூலக்கூறைத்தான் கையாளும். போதாததற்கு, ஆளை அடையாளம் தெரியாது. கார்பன் டை ஆக்சைடு என்று நினைத்து ஆக்சிஜனையும் பிடித்துவிடும். அப்படிப் பிடித்தால் உதவாத ஒரு பொருள் உண்டாகி, அதைச் சீர்செய்யும்போது ஏற்கனவே சேர்த்த கார்பனில் கொஞ்சம் வெளியே போய்விடும். வெயில் ஏற ஏற இந்தத் தவறும் கூடும். ரப்பர், வாழை, நெல் எல்லாம் இதைச் சகித்துக்கொண்டுதான் பிழைக்கின்றன. தண்ணீர்க் கணக்கும் உண்டு. பகலில் துளையைத் திறந்தால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும்போதே நீராவி வெளியே ஓடும். இந்த வகைச் செடி 1 கிராம் கார்பன் டை ஆக்சைடு சேர்க்க 400 முதல் 500 கிராம் தண்ணீர் இழக்கும். அன்னாசி வகைக்கு 50 முதல் 100 கிராம் போதும்.

அந்தச் சிக்கனத்துக்குத்தான் ராத்திரி வேலை. இரவில் துளையைத் திறந்து உள்ளே வந்த கார்பன் டை ஆக்சைடை, பிஇபி கார்பாக்சிலேஸ் என்ற வேறொரு நொதி பைகார்பனேட் வடிவில் பிடிக்கிறது. இதற்கு ஆக்சிஜனோடு குழப்பமே கிடையாது. முதலில் ஆக்சலோஅசிட்டிக் அமிலம், அப்புறம் மாலிக் அமிலம். அதைச் செல்லின் நடுவில் இருக்கும் பெரிய குமிழில் சேர்த்துவைத்துவிடும். கவனியுங்கள் தம்பி, இதுவரை ஒரு சர்க்கரைகூட உண்டாகவில்லை. கார்பன் அமிலமாகக் கட்டிக் கிடக்கிறது, அவ்வளவே. அமிலம் கட்டத் தேவையான பிஇபி என்ற மூலப்பொருள்கூட, முந்தைய பகலில் செய்த சர்க்கரையை உடைத்துத்தான் கிடைக்கிறது.

விடிந்ததும் துளை மூடும். அமிலம் குமிழிலிருந்து இறங்கி உடைந்து கார்பன் டை ஆக்சைடை விடும். வெளியேற வழி இல்லாததால் இலைக்குள் அதன் அடர்த்தி வெளிக்காற்றில் உள்ளதைவிடப் பல மடங்கு ஏறும். அந்த நெரிசலில் ருபிஸ்கோவுக்கு ஆக்சிஜன் அதிகம் கையில் படாது. பிறகு ரப்பர் இலையில் நடக்கும் அதே கால்வின் சுழற்சிதான், அதே 9 ஏடிபி, அதே 6 என்ஏடிபிஎச். அமில வேலைக்கு இன்னும் கொஞ்சம் ஏடிபி கூடுதலாகவும் செலவாகும். இவ்வளவும் வருவது வெயிலிலிருந்துதான்.

ராத்திரியே கால்வின் சுழற்சியையும் ஓட்டிவிட்டால் என்ன என்று அண்ணாச்சி கேட்பார். அதற்கும் பூட்டு இருக்கிறது. அந்தச் சுழற்சியின் பல நொதிகள் வெளிச்சம் பட்டால்தான் விழிக்கும். ஃபெரிடாக்சின் தரும் எலக்ட்ரான் தயோரெடாக்சின் என்ற சின்னப் புரதம் வழியாகப் போய் அவற்றைத் திறந்துவிட வேண்டும். மறுபக்கம், பிஇபி கார்பாக்சிலேஸ் மேல் இரவில் ஒரு பாஸ்பேட் ஒட்டும், அதனால் மாலிக் அமிலம் குவிந்தாலும் வேலை செய்யும். பகலில் அந்தப் பாஸ்பேட் கழன்றுவிடும், உடனே அமிலமே அதை நிறுத்திவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்று பிடித்ததை இன்னொன்று விட்டு, ஏடிபி வீணாகும்.

நிழல் வரிசையில் காய் சிறுத்ததற்குக் காரணம் இதுதான். துளை திறக்கும் நேரம் மட்டும்தான் இரவுக்கு மாறியது; வெயில் தேவை மாறவில்லை. ரப்பர் நிழல் கட்டிவிட்டால் பாட்டத்தை நீட்டாதீர்கள்.

நாகர்கோவில் மாடித்தோட்டம்:

டீச்சர், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கணும். நர்சரியில் ஒரு பாம்புக்கற்றாழையைத் தலையில் கட்டினார்கள். “ராத்திரி ஆக்சிஜன் விடும் அக்கா, கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள்” என்றார்கள். அதுவும் அன்னாசி மாதிரிச் செடிதான் என்கிறார்கள். உண்மையா?

தக்கலை டீச்சர்:

அன்னாசி வகை என்பது உண்மை. ஆக்சிஜன் கதை உண்மையில்லை. வெளியே வரும் ஆக்சிஜன் தண்ணீரைப் பிளப்பதிலிருந்துதான் வருகிறது. 1941இல் ரூபனும் காமனும் கனமான ஆக்சிஜன் 18 கொண்ட தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வெளியே வந்த வாயுவில் அந்த 18 இருந்தது. தண்ணீரைப் பிளக்க வெளிச்சம் வேண்டும். இருட்டில் அந்தச் செடி கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், ஆக்சிஜன் எதுவும் விடாது. சுவாசத்துக்கு அதுவும் நம்மைப் போல ஆக்சிஜனைத்தான் எடுக்கும். அழகுக்கு வையுங்கள், பார்க்க நன்றாக இருக்கும்.

குலசேகரம் தோட்டக்காரன்:

டீச்சர், அண்ணாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். “அமிலம் கிமிலம் எல்லாம் எழுத்திலே இருக்கு, கண்ணால் பார்த்தவன் யார்?” என்கிறார். மகள் பள்ளி ஆய்வகத்தில் செய்து காட்ட வழி உண்டா?

தக்கலை டீச்சர்:

கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் நாக்கால் பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். பெஞ்சமின் ஹேன் என்று சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த தாவரவியலாளர். நம் வேலியோரத்தில் நிற்கும் ரணகள்ளி இலையைக் காலையில் மென்றால் நல்ல புளிப்பு, நண்பகலில் சுவையே இல்லை, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று லண்டனுக்கு எழுதினார். 1815இல் அச்சானது. இந்த வகைச் செடிகளின் ரகசியத்துக்கு முதல் தடயங்களில் அதுவும் ஒன்று.

மகளை மெல்லச் சொல்லாதீர்கள், ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கும் பொருளும் உண்டு. அன்னாசி இலையே போதும். ஒரே செடியில், ஒரே உயரத்தில் இருக்கும் இலையில் விடியுமுன் ஒரு துண்டும் மாலை நான்கு மணிக்கு ஒரு துண்டும் எடுங்கள். எடை சமமாக இருக்கட்டும். காலைத் துண்டை உடனே கொதிநீரில் போட்டு எடுத்தால் வேதிவினை அங்கேயே நிற்கும். மாலைத் துண்டுக்கும் அப்படியே. அரைத்து, துணியில் வடிகட்டி, சம அளவு தண்ணீர் சேர்த்து, இரண்டு சொட்டு பீனால்ப்தலீன் விடுங்கள். பிறகு பியூரெட்டில் நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு. இளஞ்சிவப்பு நின்று தங்கும்வரை எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அமிலம் கூடுதலாக இருப்பதால் காலைச் சாற்றுக்கு அதிகம் இறங்கும். சாற்றின் பச்சை நிறம் கண்ணை ஏமாற்றும், அதனால் நிறைய தண்ணீர் விட்டு வெளுக்க வைப்பது நல்லது.

நன்றாக மழை பெய்த வாரத்தில் செய்ய வேண்டாம். மண்ணில் ஈரம் தாராளமாக இருந்தால் அன்னாசி சாயங்காலமே துளையைத் திறந்து நேரடியாகவும் கார்பன் டை ஆக்சைடை எடுக்கும், காலை மாலை வித்தியாசம் குறைந்து தெரியலாம். மாசி, பங்குனி வெயிலில் செய்யட்டும்.

தோவாளை வயல்காரன்:

டீச்சர், ரப்பர் பாலை விடியுமுன் வெட்டுவதற்கும் இந்த இலைத்துளைதான் காரணமா? எங்கள் பக்கம் ரப்பர் இல்லை, குலசேகரத்து மாமா வீட்டில் பார்த்தது.

தக்கலை டீச்சர்:

ஆமாம் தம்பி. ரப்பர் இரவில் துளையை மூடிவிடும், வேர் இழுத்த தண்ணீர் மரத்துக்குள்ளேயே நிற்கும், பால்குழாயில் அழுத்தம் ஏறும். விடியுமுன் வெட்டினால் சிரட்டை நிறையும். வெயில் ஏறித் துளை திறந்துவிட்டால் அழுத்தம் இறங்கி, பால் ஓட்டம் குறையும். பாலில் இருக்கும் ரப்பர் முழுக்க ஐந்து கார்பன் ஐசோபிரீன் துண்டுகளைக் கோத்த சங்கிலி. அந்தக் கார்பன் ஒவ்வொன்றும் எப்போதோ ஒரு பகலில் ருபிஸ்கோ பிடித்ததுதான்.